ஆகஸ்ட்ல வந்த அக்டோபர்

மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு பெரிய மனுஷரை ஆராய்ச்சியிலேருந்து தூக்கிக் கடாசப் பாத்தேன். ஃபார்ம்கூட ரெடி. டாக்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ‘காரணம்’னு இருந்த கட்டத்துல குண்டு குண்டா எழுதி வெச்சிருந்தேன் — ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’.

ஒத்துழைக்காதது யாருன்னு கடைசியில நீங்களே சொல்லுங்க.

முதல்ல என் உத்தியோகம். காலாப்பட்டு யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷம் கடல் காத்து வாங்கி ஒருவழியா எம்.எஸ்ஸி. முடிச்சவன் நான்னு இந்தப் பக்கத்தை விடாம படிக்கறவங்களுக்குத் தெரியும். இப்ப ஊருக்குள்ள ஒரு ஆஸ்பத்திரியில ‘ரிசர்ச் கோஆர்டினேட்டர்’. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. எனக்கு வேலை வேணும்!

பேரைக் கேட்டா ராக்கெட் விடறவன் மாதிரி இருக்குல்ல? எங்கம்மா நோணாங்குப்பம் பூரா ‘எம்புள்ள ஹார்ட்டு ஆராய்ச்சி பண்றான்’னு பரப்பி வெச்சிருக்காங்க. கல்யாண வீட்டுக்குப் போய் பந்தியில உக்காந்தா போதும்... பக்கத்து எலைக்காரரு வடையைக் கீழ வெச்சிட்டு, “தம்பி, எனக்கு இங்க சுருக்குனு இருக்குப்பா”ன்னு நெஞ்சைத் தொட்டுக் காட்டறாரு.

உண்மையில நான் பண்றது என்ன? ஃபார்ம் நிரப்பறேன். போன் அடிக்கறேன். அப்புறம், ஒரு நாள் பூரா போற மூத்திரத்தை ஒரு சொட்டு விடாம கேன்ல புடிச்சிக் கொண்டாங்கன்னு ஊர் ஊரா கெஞ்சறேன். கிட்னி எப்படி ஓடுதுன்னு பாக்க அது வேணும்.

விழுப்புரம் பக்கத்துலேருந்து ஒரு விவசாயி வருவாரு. கேனை ஜவுளிக்கடைப் பையில சுத்தி, பஸ்ல மடியில வெச்சிக்கினு வருவாரு. கண்டக்டர் கேட்டானாம்: “என்னா பெருசு, மோரா? நமக்கு ஒரு கிளாஸ் ஊத்தறது!”

இவரு அசரலயாம். “குடுக்கலாம் தம்பி. டாக்டரு அளந்து கேட்டுக்கீறாங்களே!”

இப்படிப்பட்ட ஆளுங்களை வெச்சித்தான் எங்க ஆராய்ச்சி ஓடுது. என்ன ஆராய்ச்சின்னு ரெண்டு வரியில சொல்லிடறேன், தூங்கிடாதீங்க. சில பேருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கும் — ஒரு துடிப்பு சீக்கிரம், ஒண்ணு லேட்டு, நடுவுல ஒண்ணு காணாமயே போயிடும். அவங்களுக்கு பிரஷர் ஏறினா அந்தத் தாளம் எப்படி மாறுது, கிட்னிக்கு என்ன ஆவுது? அதைத்தான் பாக்கறோம். இதயம், பிரஷர், கிட்னி மூணும் ஒரே வீட்டு ஆளுங்க மாதிரி. ஒண்ணு மொறைச்சிக்கிச்சுன்னா மத்த ரெண்டும் சோறு திங்காது.

அதனால ஆளுக்கு ஒரு பிரஷர் மெஷினும் ஒரு சின்ன புக்கும் குடுத்து அனுப்புவோம். காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ கையில கட்டிப் பாத்து, வர நம்பரைக் கட்டத்துல எழுதணும். ரெண்டு வாரம் கழிச்சி புக்கோட வரணும். புக்கை முதல்ல பாக்கறது நான். எக்குத்தப்பா இருந்தா சிவப்புல சுழிச்சி டாக்டர் மேடத்துக்கு அனுப்புவேன். ரெண்டு வாரமும் ஒண்ணும் எழுதாம வந்தா ஆளை ஆராய்ச்சியிலேருந்து எடுத்துட்டு, மெஷினை வாங்கி வெச்சிக்குவோம். ரூல் அது.

இப்ப கதைக்கு வரேன்.

முசியே அந்துவான். (பிரெஞ்சுல முசியேன்னா ஐயா, மதாம்னா அம்மா.) பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவரு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்ம ஊர்ல அப்படி ஆளுக்குப் பஞ்சமா என்ன? இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஆறடி ஆளு. பக்கத்துலயே அவர் சம்சாரம் — லூர்து மதாம். முசியே வாயைத் தொறந்தா முதல் வார்த்தை அவரோடது, மீதி எல்லாம் மதாமோடது.

ஆகஸ்ட் இருபத்தெட்டு. வெளிய முப்பது பேரு வெயிட்டிங். மேஜை மேல புக்கு குவிஞ்சி கெடக்கு. முசியேவோட புக்கைத் தொறந்தேன். முதல் கட்டத்துல 14/8. அடுத்தது 15/8. அப்புறம் இன்னொரு 15/8.

சரி, தேதி போட்டிருக்காரு. பிரஷர் எங்க? தேடறேன்... காணோம். பக்கம் பூரா தேதி, தேதி, தேதி. கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். 16/10. 17/10. 18/10.

ஆகஸ்ட்லயே அக்டோபர் பதினெட்டு வரைக்கும் அட்வான்ஸா தேதி போட்டு வெச்சிட்டாரு மனுஷன்! பட்டாளத்து டிசிப்ளின்னா இதுதானான்னு சிரிச்சிக்கினே, ஒத்துழைக்காதவர் ஃபார்மை எடுத்து நிரப்பி, கையெழுத்துக்கு மேடம் ரூமுக்கு அனுப்பிட்டேன். புக்கை சரியா பாக்க ஒரு நிமிஷம் ஆயிருக்குமா? ஆயிருக்காது. அரை நிமிஷத்துல ஒருத்தரை முடிச்சா லஞ்சுக்கு முன்னாடி முப்பதையும் தள்ளிடலாம்னு ஒரு கணக்கு. பெரிய புத்திசாலி நானு.

அவரை உள்ள கூப்பிட்டேன். நல்லா நாலு வார்த்தை கேக்கணும்ல?

“என்னா முசியே இது? ரெண்டு வாரமா மெஷினையே தொடலையா?”

“தொடலையா? தினம் ரெண்டு வாட்டி கட்டினேன்டா!”

“கட்டினா எழுதணும்ல? வெறும் தேதிதான இருக்கு!”

“டேய், நான் ஏன் தேதி எழுதப் போறேன்?”

“இது என்னா அப்ப? பதினெட்டு, பத்து! இன்னிக்கு ஆகஸ்ட் இருபத்தெட்டு முசியே. அக்டோபர் பதினெட்டு அன்னிக்கு நீங்க எப்படி மெஷின் கட்டினீங்க? காலண்டரை முன்னாடியே கிழிச்சிட்டீங்களா?”

எனக்கே என் ஜோக்கு புடிச்சிருந்துது. வாசல்ல நின்ன ரெண்டு பேரு சிரிச்சாங்க வேற.

முசியே மூஞ்சி செவந்துடிச்சி. மேஜையில ஒரு தட்டு தட்டி, “அது என் தான்சியோன்டா!”ன்னாரு.

“தெரியுது, தெரியுது. டென்ஷன் ஆவாதீங்க முசியே.”

“நான் டென்ஷன் ஆவலடா! என் தான்சியோனைச் சொல்றேன்!”

“அதான் நானும் சொல்றேன்... டென்ஷன் ஒடம்புக்கு ஆவாது. தண்ணி குடிக்கறீங்களா?”

ரெண்டு பேரும் ஒரே வார்த்தையை வெச்சிக்கினு கத்தறோம். அவரு சொல்றது எனக்குப் புரியல, நான் சொல்றது அவருக்குப் புரியல. மதாம்தான் ஒரு பெருமூச்சு விட்டுட்டு நடுவுல பூந்தாங்க.

“ஏன் தம்பி, இவ்ளோ படிச்சிருக்கியே, தான்சியோன்னா பிரெஞ்சுல பிரஷர்னு தெரியாதா? உன்னை இந்த ஊர்லதான பெத்தாங்க?”

பெத்தது இந்த ஊர்லதாங்க. ஆனா எங்க வீட்டு பிரெஞ்சு, வணக்கம் சொல்ற ‘பொன்ழூர்’ தாண்டாது.

“பிரஷர்னா 140/80 அப்படித்தான மதாம் வரும்?”

“மெஷின்ல அப்படித்தான் வருது. இவருக்கு பட்டாளத்து டாக்டருங்க சொல்லிக் குடுத்தது கத்தோர்ஸ்-உயித். பதினாலு-எட்டு. வர நம்பரைக் கிட்ட இருக்கற பத்துக்கு மாத்தி, எதுக்கு வீணா ஒரு சைபர்னு இவரு கழட்டிட்டாரு.”

நாம மில்லிமீட்டர்ல சொல்றதை அவங்க சென்டிமீட்டர்ல சொல்றாங்க, அவ்வளவுதான். பின்னால இருக்கற ஒத்தை சைபரு மட்டும் கெடையாது. அந்த சைபரைத்தான் நான் காலண்டர்ல தொலைச்சிருக்கேன்.

மறுபடி புக்கைப் பாத்தேன். இந்தத் தடவ முழுசா, முதல் கட்டத்துலேருந்து. 140/80. 150/80. மறுபடி 150/80. 150/90... அப்புறம் 160/100. 170/100. கடைசியா, அன்னிக்குக் காலைல எழுதினது — 180/100.

எனக்குச் சிரிப்பெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

பாத்துக்கங்க. பதினாலு நாளா அந்த மனுஷனுக்கு பிரஷர் படி ஏறிக்கினே போவுது. அதை ஒரு நாள்கூட விடாம எழுதி, கையில கொண்டாந்து குடுத்துட்டாரு. அதை வெச்சிக்கினு நான் ஜோக் அடிச்சிக்கினு இருக்கேன். மேடம் அந்த ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருந்தா மெஷினைப் புடுங்கிக்கினு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அதுக்கப்புறம் அது பத்தொம்போது ஆச்சா, இருவது ஆச்சா... யாரு பாக்கப் போறா?

ஒரே ஓட்டம். மேடம் ரூம்ல அந்த ஃபார்ம் மேல இருந்து ரெண்டாவது. பேனா மூடியைக்கூடக் கழட்டிட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன். முசியேவை உள்ள கூட்டியாரச் சொல்லி, தன் கையால பிரஷர் பாத்தாங்க. புக்குல இருந்ததுக்கு மேலயே இருந்துது. ஈ.சி.ஜி. எடுத்தா, இதயம் தறிகெட்டு ஓடுது. கிட்னி டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்துட்டு, அவரை அங்கயே படுக்க வெச்சிட்டாங்க.

“மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடறீங்களா?”

முசியே சுவத்தைப் பாத்தாரு.

“சொல்லுங்களேன்,”னாங்க மதாம். “பட்டாளத்துல சண்டையெல்லாம் பாத்தவரு, இதைச் சொல்ல பயமா?”

விஷயம் என்னன்னா, அவரு தினம் சாயந்திரம் பெத்தாங்க் ஆடப் போவாரு. மைதானத்துல இரும்பு குண்டை உருட்டி, சின்ன கட்டைக்குப் பக்கத்துல நிறுத்தற ஆட்டம் — பாத்திருப்பீங்க. அதுல இவங்க டீமு ஃபைனலுக்கு வந்திருக்கு. மதியம் போடற ஒரு மாத்திரை இருக்கு, நீர் மாத்திரை. போட்டுட்டுப் போனா ஆட்டத்துக்கு நடுவுல ரெண்டு வாட்டி ஒதுங்கணும். எதிர் டீம் ஆளுங்க, “என்னா முசியே, வாய்க்கா வெட்டறீங்களா?”ன்னு கலாய்ச்சிருக்கானுங்க. மானஸ்தரு. மாத்திரையை நிறுத்திட்டாரு.

மேடத்துக்கு உதடு துடிக்குது. சிரிப்பை அடக்கிக்கினு, “அந்த மாத்திரையை விடியகாலைல போட்டுக்கங்க. சாயந்திரத்துக்குள்ள போறது எல்லாம் போயிடும். இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்திக் குடுத்திருப்பேன்ல?”ன்னாங்க.

“பொம்பளை டாக்டர் கிட்ட எப்படிச் சொல்றது...”ன்னு முனகினாரு ஆறடி ஆளு.

“ஃபைனல் ஆடலாமா மேடம்?” இது மதாம். கவனிங்க, கேட்டது அவங்க!

“பிரஷர் எறங்கட்டும். பாக்கலாம்.”

அவங்களை வார்டுக்கு அனுப்பிட்டு மேடம் என் ஃபார்மை எடுத்தாங்க. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ங்கற வரியில ‘நோயாளி’ங்கற வார்த்தையை மட்டும் அடிச்சாங்க. பேனாவை என் கையில குடுத்தாங்க.

“இந்த இடத்துல யாரு பேரு வரணும்னு நீயே எழுது.”

கத்தியிருந்தாகூடத் தாங்கியிருப்பேங்க!

அன்னிக்கு சாயந்திரம் பஸ்ஸுக்குப் போவல. இதுவரைக்கும் தூக்கின ஆளுங்களோட புக்கு கட்டைப் பிரிச்சி ஒவ்வொண்ணா பாத்தேன். இருந்தாங்க, இன்னொருத்தங்க... ஒரு ரிட்டையர்டு பிரெஞ்சு டீச்சர். புக்கு பூரா 13/8, 13/7, 13/8. அழகா, ஆடாம அசையாம. நல்லவேளை! மறுநாளே போன் போட்டு, மன்னிப்பு கேட்டு, திரும்பச் சேத்துக்கினேன். “ஏன் தம்பி, என் கையெழுத்து புரியலியா?”ன்னு பாவமா கேட்டாங்க. அவங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்குதுங்க.

எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு. ஜனங்களை எழுது எழுதுன்னு உசுரை வாங்கறோம். பேங்க்ல, ரேஷன்ல, ஆஸ்பத்திரியில — கட்டம் கட்டமா ஃபார்ம் குடுத்து நிரப்பச் சொல்றோம். நிரப்பித் தராங்க பாவம். வாங்கறவன் படிக்கறானா? நம்ம கட்டத்துக்குள்ள நமக்குத் தெரிஞ்சது இல்லன்னா, ஒண்ணுமே இல்லன்னு எழுதிடறோம்.

அதுக்கப்புறம்? போன செவ்வாக்கெழம முசியே வந்தாரு. அதே ஷூ, அதே நடை. கிட்னி டெஸ்ட்டு முதல்ல கொஞ்சம் ஏறித்தான் இருந்துது, இப்ப எறங்கிடிச்சி. இதயம் பழைய தாளத்துலயே தப்புது — அது தப்பும், ஆனா ஓடல, நடக்குது. ஃபைனல் ஆடினாரு. தோத்துட்டாங்க. “ஆனா ஒரு வாட்டிகூட ஒதுங்கல!”ன்னு கோப்பை வாங்கினவர் மாதிரி சொல்றாரு.

புக்கை நீட்டினாரு. கடைசி கட்டம்: 140/70.

“சைபரைக் கழட்டிட்டுப் பாருடா. பதினாலு-ஏழு! எங்க தேசிய நாளு!”

அட, ஆமாம்! ஜூலை பதினாலு, பிரான்ஸோட தேசிய நாள்.

“அதை ஏன் தம்பி கேக்கற,”ன்னு மதாம் தலையில அடிச்சிக்கினாங்க. “காலைல மெஷின்ல அதைப் பாத்துட்டு, பரேடுக்குக் குத்திக்கினு போற மெடலைத் தேடறாரு!”

முசியே குனிஞ்சி, அந்த 140ல கடைசியா இருந்த சைபரை விரலால தொட்டுக் காட்டினாரு.

“இது எனக்குத் தேவையில்ல. உனக்காகப் போட்டேன், வெச்சிக்க.”

காலேஜ்ல எவ்வளவோ முட்டை வாங்கியிருக்கேங்க. சந்தோஷமா வாங்கினது இது ஒண்ணுதான்.