காயாத துணிக்காக ஸ்தோத்திரம்

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது என்று ஸ்தோத்திரம் பண்ணின வாயை நான் இன்னும் மூடவில்லை, அதற்குள் அடுத்த வேதனை வந்து நின்றது. சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள்.

போன வருஷம், ஐம்பத்தெட்டு ஐப்பசி, அடைமழை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு எடுக்கிறவர். எங்கள் மகள் கிருபாவுக்கு அப்போது ஒரு வயசு நிரம்பவில்லை. மார்ச்சளி கட்டி, காய்ச்சலோடு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டார்கள். பிழைத்தாள்.

சளி திரும்ப வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். எங்கள் லைனில் எல்லாப் பிள்ளைகளும் அரையில் ஒன்றும் இல்லாமல்தான் தவழும். நான் மட்டும் கிருபாவுக்கு இரட்டைத் துணி கட்டி, அதன்மேல் மெழுகுத்துணி சுற்றி வைத்தேன். ஊசிக்குப் பிறகு வயிறு வேறு இளகிப் போயிருந்தது.

ஒருநாள் துணியை அவிழ்த்தால் தொடையிடுக்கெல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. ஓரத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. ஈரம் பட்டால் வீறிட்டாள். மூச்சு இழுத்தபோதுகூட அப்படி அழவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரருடைய விரலிடுக்கைப் பார்த்தேன். சுண்ணாம்பு அரித்து அதுவும் இப்படித்தான் சிவந்து வெடித்திருந்தது. சுண்ணாம்புதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நீங்க கொழந்தையத் தொடாதீங்க. உங்க கைல கீற சுண்ணாம்புதான் அவளச் சுடுது."

"கழுவிட்டுத்தானே தூக்கறேன், எஸ்தரு?"

"கழுவினா போயிடுமா? உங்க கையப் பாருங்க."

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து, தூரத்திலிருந்து விரலைச் சொடுக்கி அவளுக்கு வேடிக்கை காட்டுவார். அவள் இரண்டு கையையும் நீட்டுவாள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

சுண்ணாம்பு போகட்டும் என்று துணிகளைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். புண் அதிகமாயிற்று. இன்னும் சோடா போட்டேன். இன்னும் அதிகமாயிற்று. பக்கத்து வீட்டு ஜுபைதா அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, கொழந்தைய பம்பாய்க்குப் பார்சல் பண்ணப் போறியா? இம்மாம் சுத்தி வெச்சிருக்கே?"

"சளி புடிக்கும்க்கா."

"சளி போயி இப்ப இது பேஜாரு. அந்த ஊசி சூடு ஜாஸ்திடி, அதான் வெளிய தள்ளுது. திரும்ப அங்க தூக்கினு போவாத. இன்னொண்ணு குத்திடுவாங்க."

அதுவும் மனசில் ஒட்டிக்கொண்டது. சுண்ணாம்பா, ஊசியா? பிழைக்க வைத்த மருந்தே புண்ணாக்குமா? ஜெபம் பண்ணித்தானே அந்த ஊசியைப் போட்டோம்? கொடுத்த பதிலைக் கர்த்தர் திரும்ப வாங்குகிறாரா? ஆஸ்பத்திரியில் மறுபடி கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். போகவும் பயம். போகாமல் இருக்கவும் பயம்.

மழையோ விடவில்லை. கொடியிலும் ஈரம், அடுப்புக்கு மேலே கட்டினாலும் ஈரம். அந்த ஈரத் துணியையே கட்டினேன். என்ன கேட்பது என்று தெரியாமல், கண்ணுக்கு எதிரே தெரிந்ததைக் கேட்டேன். "ஆண்டவரே, வெயில் கொடும். துணி காய்ந்தால் போதும்" என்று முழங்காலில் நின்றேன். எழுந்து கதவைத் திறந்தால், மழை முன்னைவிட வலுத்திருந்தது. அழுதேன்.

அன்றைக்கு ஷாப்பிலும் தோல் காயவில்லை, வேலை இல்லை என்று ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அவர் வீடு வந்தபோது கையில் ஈரத் துணியோடு நின்றிருந்தேன்.

"துணி இல்லன்னா சும்மா உடு" என்றார், வாசற்படியிலிருந்தே.

"குளிரும்ங்க."

"அடுப்பாண்ட போடு. பொட்டியில என் புது லுங்கி கீது. ஷாப்புக்குக் கட்டினதே இல்ல. சுண்ணாம்பு படல, பயப்படாத. அத விரி."

வேறு வழி இல்லை. லுங்கியை விரித்து, இடுப்பில் ஒன்றும் கட்டாமல் கிடத்தினேன். நனைக்க நனைக்க, உலர்ந்த பக்கமாக நகர்த்தினேன். கொஞ்ச நேரம் கத்தினாள். பிறகு அடங்கினாள். பிறகு தூங்கியே போனாள். சாயங்காலம் பார்த்தால் சிவப்பு லேசாக வாடியிருந்தது. என் கண்ணை நானே நம்பவில்லை. மறுநாளும் மழை, மறுநாளும் துணி இல்லை. இன்னும் கொஞ்சம் வாடியது. அந்தத் தைரியத்தில் ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணி கட்டாம விடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலைங்கம்மா. மழை. துணி காயல."

அவர் சிரித்துவிட்டார். "நான் சொல்ல வேண்டியத மழை சொல்லிடுச்சு. ஊசி நல்லதுதாம்மா, அது இல்லன்னா குழந்தையே இல்ல. ஆனா சில குழந்தைக்கு அது நல்ல கிருமியையும் சேத்து அழிச்சிடும். அந்த எடத்துல பூஞ்சக்காளான் வந்து உக்காருது. ஈரமா மூடி வெச்சா அதுக்குக் கொண்டாட்டம். நீ சோடாவும் போட்டா, பிஞ்சுத் தோலு என்ன ஆகும்?"

வீட்டுக்காரர் பின்னால் நின்று, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டார். "அம்மா, என் கைச் சுண்ணாம்பு...?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தாராளமா தூக்குங்க."

குழாயடிக்குப் போய் அவர் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். புண்ணில் ஊதா மருந்து பூசி முடித்ததும் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அவருடைய ஒரே வெள்ளைச் சட்டை ஊதாவாகிவிட்டது. புண் சீக்கிரமே ஆறிப்போயிற்று.

அன்பானவர்களே, எனக்கு இன்றும் குழப்பம்தான். அந்த மழையில் வேலை இல்லாமல் எத்தனையோ வீட்டில் உலை ஏறவில்லை. அது என் மகளுக்காகப் பெய்தது என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் நான் கேட்ட வெயில் வந்திருந்தால், சோடாவில் வெந்த துணியை நன்றாகக் காயவைத்து இன்னும் இறுக்கிக் கட்டியிருப்பேன். இது மட்டும் நிச்சயமாகத் தெரியும். இப்போதும் கேட்கிறேன், இப்போதும் பயப்படுகிறேன். இப்படித்தான் தர வேண்டும் என்று மட்டும் கர்த்தருக்குச் சொல்லித் தருவதில்லை. உங்களுக்கும் ஒன்றும் புரியவில்லையா? புரியாமலேயே கேளுங்கள். டாக்டர் வரச் சொன்னால் போய்விடுங்கள், என்னைப் போல நாள் கடத்தாதீர்கள்.

வீட்டுக்காரருடைய சட்டைக் கறை போகவே இல்லை. சோடா போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, உன் சோடா வாணாம்மா" என்றார். அதே சட்டையோடு, கிருபாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என் முன்னால் நடந்தார்.