ஆண்டவர் கூப்பிடுதாவ

நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்கு முதலில் காது சூடாகும். அப்புறம் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஒருவனைத்தான் எங்கள் போதகர் ஐயா சபைக்குத் தலைவனாக்கப் பார்த்தார். எண்பதுகளில் நடந்த கதை. அதை நினைத்தால் தனியாக இருக்கும்போதும் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஐயா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊழியத்துக்காக அவரை எங்கள் பக்கம் அனுப்பியிருந்தார்கள். கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் காலனி வரும். அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்தினார். எங்களில் யாருக்கும் நிலம் கிடையாது. பெண்கள் நடவுக்கும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கவும் போவார்கள். நான் திண்டிவனத்தில் ஒரு மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கடவுளைப் பற்றிப் பேசினவர் யாருமில்லை. அதனால் அவர் பேசிய விதமே கடவுளைப் பற்றிப் பேசவேண்டிய விதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். "ஆண்டவரு சொல்லுதாவ" என்பார். "அவிய உங்களத்தான் பாக்குதாவ" என்பார். எங்கள் பேச்சில் மரியாதைக்கு 'ங்க' போடுவோம். இந்த 'ஆவ' அதற்கும் மேலே, ஆண்டவருக்கென்றே தனியாக வைத்த மரியாதை என்று நம்பினேன். பேதுருவுக்கும் பவுலுக்கும் அவர் அதையே போட்டபோது, பரலோகம் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் அது உண்டு போலிருக்கிறது என்று சேர்த்துக்கொண்டேன். அவர் ஊரில் எதிர்வீட்டு மாமாவையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? விழுப்புரத்துக்குத் தெற்கே நான் போனதே இல்லை.

ஒரு கோடையில் ஐயாவுக்கு மாற்றல் வந்தது. புதிதாக ஊழியம் தொடங்குகிற ஒரு இடத்துக்கு அவர் போகவேண்டும். அவருக்குப் பதில் வேறு ஆள் வரமாட்டார். உள்ளூரிலேயே ஒருவர் நடத்த முடிந்தால் கொட்டகை இருக்கும், இல்லையென்றால் மூடிவிட்டு எல்லாரும் திண்டிவனம் சபைக்கு வந்துகொள்ளட்டும் என்று மேலிடத்துக் கமிட்டி சொல்லிவிட்டது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போவார்களா? மூடினால் மூடினதுதான். அது எல்லாருக்கும் தெரியும்.

ஐயா என்னிடம் வந்தார். "பிரதர், நீங்கதான் நடத்தணும்."

"எனக்கு அஞ்சாங்கிளாஸ்தானுங்க."

"பேதுரு என்ன காலேஜுக்கா போனாவ?"

வீட்டில் சொன்னதும் என் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "தலைவரா? எந்தக் கட்சிக்கு? மண்டில கூலி கம்மியா குடுத்தா கேக்க மாட்ட. நீ தலைவராய்யா?"

அவள் சொன்னதில் தவறில்லை.

விழுப்புரத்தில் பயிற்சி நடந்தது. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. கூட்ஸ் வண்டி போகும்போது வகுப்பெடுப்பவர் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடியே நிற்பார். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நல்ல தலைவன் எப்படி இருக்கவேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டார். முன்னால் உட்கார வேண்டும் என்பது அதில் ஒன்று. நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் ஒவ்வொருவராக எழுந்து ஜெபம் பண்ணச் சொன்னார். என் முறை வந்தது. "ஆண்டவரே, நாங்க கஷ்டப்பட்டுக்கினு இருக்கோம், நீங்க பார்த்துக்கினு..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கினு கினுன்னு சொல்லக்கூடாது. கொண்டு. கஷ்டப்பட்டுக்கொண்டு. ஜெபம் இல்லையா இது?"

எனக்குப் பக்கத்தில் விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தையல்காரர் இருந்தார். எதற்கும் பயப்படாத ஆள். "ஏன் சார், ஆண்டவருக்கு கினு புரியாதுங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். வகுப்பெடுத்தவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் பேச்சு ஆண்டவர் முன்னால் வைக்கிற மாதிரி இல்லை என்று எனக்குள் இருந்த சந்தேகம் அன்றைக்கு உறுதியாகிவிட்டது. மண்டியிலும் அப்படித்தான். முதலாளியின் பிள்ளைகள் எங்களைப் போலப் பேசிக் காட்டி விளையாடுவார்கள். நானும் கூடச் சேர்ந்து இளித்துக்கொண்டு மூட்டையைத் தூக்குவேன்.

பயிற்சி முடிவில் ஒவ்வொருவரும் திண்டிவனம் சபையில் கமிட்டிக்காரர்கள் முன்னால் ஒரு சிறு பிரசங்கம் செய்யவேண்டும். அதைப் பார்த்துத்தான் முடிவு. பாரம் சுமக்கிறவர்களை ஆண்டவர் கூப்பிடுகிற பகுதியை ஐயா எனக்குக் கொடுத்தார். "இது உங்களுக்குன்னே இருக்கு பிரதர்" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. அந்தப் பகுதியை ஐயா பேசி நான் இரண்டு தடவை கேட்டிருந்தேன். அவர் பேசின மாதிரியே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூட்டை தூக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். குளிக்கும்போதும் சொன்னேன். மனைவி வெளியே நின்று கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டாள். அப்போதுதான் நடவுக்குப் போக ஆரம்பித்திருந்த சின்னப் பெண் அவள். கொட்டகையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"ஏ, வந்து கேளுடி. உங்க அண்ணனுக்கு இன்னாவோ புடிச்சிக்கினுது."

"அண்ணி, அது ஐயா பேச்சு. அண்ணனுக்கு ஐயா புடிச்சிக்கினாரு!"

இருவரும் சிரித்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். பெண்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அந்த நாள் வந்தது. திண்டிவனம் சபை நிறைய ஜனம். காலேஜ் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். முன்வரிசையில் நாற்காலி போட்டுக் கமிட்டிக்காரர்கள். அவர்களில் இரண்டு பேர் ஐயாவின் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். ஐயா ஓரமாக உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தையல்காரர் முதலில் பேசினார். கிழிந்த துணி, ஒட்டுப்போடுவது என்று ஏதோ சொன்னார். ஜனம் நன்றாகக் கேட்டது. அப்புறம் நான்.

"சகோதர சகோதரிகளே, கேட்டியளா? ஆண்டவரு கூப்பிடுதாவ. கைய நீட்டிட்டு நிக்காவ. நீங்கதான் வர மாட்டேங்கிய."

காலேஜ் பிள்ளைகள் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஐயா பேசும்போதும் ஜனம் சில இடங்களில் சிரிக்கும். நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். தைரியம் வந்து குரலை உயர்த்தினேன். "அவிய என்ன சொல்லுதாவ? பாரத்த எறக்கி வையுங்கன்னு சொல்லுதாவ!" சிரிப்பு பெண்கள் பக்கமும் பரவியது. என் காது சூடாகவே இல்லை. என் வாழ்க்கையில் நான் அப்படிப் பேசியதே கிடையாது.

ஐயா கண்ணாடி போட்டிருப்பார். பேச்சின் நடுவே அது இறங்கும். ஒற்றை விரலால் மூக்கின் மேலே தள்ளிவிட்டு அடுத்த வாக்கியம் சொல்வார். நானும் ஒற்றை விரலால் மூக்கைத் தள்ளினேன். நான் கண்ணாடி போடுகிறவனில்லை.

சபையே வெடித்துவிட்டது. ஒரு பையன் பெஞ்சின் மேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தான். முன்வரிசையில் தெற்கத்திக்காரர்களில் ஒருவர் எழுந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"என்னவே, ஐயா உக்காந்திருக்காவ, அவியளையே கேலி பண்ணுதீரா?"

அவர் அதைச் சொன்ன விதம்தான் என்னை அடித்தது. 'உக்காந்திருக்காவ', 'பண்ணுதீரா.' கோபத்திலும் அதே பேச்சு. ஆண்டவருக்கு என்று நான் வைத்திருந்தது, திட்டுவதற்கும் ஆகிற சாதாரண ஊர்ப்பேச்சு. எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. காது, கழுத்து, முதுகு எல்லாம் சுட்டது. ஐயாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கவேண்டும். எந்தப் பேச்சில் கேட்பது? இறங்கி, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று தையல்காரர் பின்னால் சொன்னார். இந்த ஆள் வேண்டாம், கொட்டகையை மூடிவிடலாம் என்று கமிட்டி சொன்னதாம். ஐயா எழுந்து, "அவரு கேலி பண்ணல. நான்தான் சரியாச் சொல்லிக்குடுக்கல. நான் போறது வரைக்கும் டைம் குடுங்க" என்று கேட்டாராம். சரி, அதுவரை பார்க்கலாம் என்று விட்டார்களாம்.

பஸ்ஸில் ஐயா என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் என் செருப்பைத் தூக்கி வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. பிடுங்கிக் காலடியில் போட்டேன்.

"நான் அப்படியா மூக்கத் தள்ளுதேன்?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இங்க வந்த புதுசுல பஸ் ஸ்டாண்டுல பயலுவ என் பேச்சப் பேசிக் காட்டுவானுவ. ராத்திரி வீட்டுல எங்க வீட்டம்மாகிட்ட சொல்லி வருத்தப்பட்டிருக்கேன். நீங்க எல்லாரும் மட்டும் ஒருநாளும் சிரிச்சதில்ல. அதான் என் பேச்ச நீங்க எப்படி எடுத்துக்கிட்டியன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." அப்புறம் கேட்டார். "பிரதர், ஒரு மூட்டைய எறக்கி வச்சா எப்படி இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க. கொஞ்ச நேரத்துக்குத் தோளு இன்னும் மூட்ட இருக்கறாப்பலயே இருக்கும்."

"இத ஏன் அங்க சொல்லல?"

"இது மண்டிப் பேச்சுங்க. இதுல போய் எப்படிங்க ஆண்டவரச் சொல்றது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடி இறங்கியிருந்தது. அதைத் தள்ளுவதற்கு விரலைக் கொண்டு போனவர் பாதியில் நிறுத்திவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

அவர் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேசச் சொல்லிவிட்டுப் பின்னால் பெண்கள் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தார். கமிட்டியிலிருந்து ஒருவரும் வந்திருந்தார். வாயைத் திறந்தேன். 'கேட்டியளா' என்றுதான் வந்தது. மூடிக்கொண்டேன். தோளில் துண்டு கிடந்தது. அதை எடுத்து மறுதோளில் போட்டேன். மறுபடி இந்தத் தோளில் போட்டேன்.

பின்னாலிருந்து என் மனைவி, "யோவ், ஊட்ல பேசற மாதிரி பேசேன்யா. நாங்க இன்னா கவர்மென்ட்டா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே மூட்டையைப் பற்றிச் சொன்னேன். தூக்கிக்கினு நடக்கும்போது எதிரில் வருகிறவர் முகம் தெரியாது, காலு மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். ஆண்டவருடைய காலையாவது நாம பார்த்துக்கினு இருக்கோமா என்று கேட்டேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நன்றாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு 'கினு'வுக்கும் எனக்குக் கூச்சமாக இருந்தது, கமிட்டிக்காரர் என்ன நினைக்கிறாரோ என்று. அவர், "சரி, நடத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போனார்.

கொட்டகை மூடப்படவில்லை. ஐயா போய்விட்டார். வாரா வாரம் நான்தான் பேசுகிறேன், இன்னும் காது சுட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கும் வயதாகிறது, அடுத்த ஆளைத் தயார் பண்ணவேண்டும் என்று, பாட்டு எடுத்துக் கொடுக்கும் அந்தத் தங்கச்சியைப் போன மாதம் பேசச் சொன்னேன். தைரியமாக எழுந்து வந்தாள். நடவைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, என்னைப் போலவே மெதுவாக, மூட்டையைப் பற்றி ஆரம்பித்தாள். அவள் வாழ்க்கையில் மண்டிக்குள் கால் வைத்ததில்லை. நடுவில் பேச்சு தடைப்பட்டபோது, முந்தானைத் தலைப்பை எடுத்து ஒரு தோளிலிருந்து மறுதோளில் போட்டாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் தோளில் கிடந்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்தேன்.