ரெட்டை சைக்கிளின் பின் சீட்டு

பக்கவாதத்துக்குப் பிறகு என் வாயில் தங்கியது ஒரே ஒரு சொல். "சரி." மற்ற எல்லாச் சொற்களும் தலைக்குள் பத்திரமாக இருந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் தனியார் பஸ்ஸில் வருஷக்கணக்காக கண்டக்டராக இருந்தவன் நான். வழியில் இருக்கும் ஊர்ப் பெயர் எல்லாம் வரிசையாக நினைவிருந்தது. வாயைத் திறந்தால் மட்டும், எதைத் தேடினாலும் "சரி" என்றுதான் வந்தது. தலையும் என் பேச்சைக் கேட்கவில்லை. இல்லை என்று ஆட்ட நினைத்தால் ஆமாம் என்று ஆடும்.

வலது கை, வலது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அவள்தான் அந்த சைக்கிள் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். மலைக்கிராமத்து ஆட்களுக்கு சக்கர நாற்காலி வாங்க நிதி சேர்க்கிறார்களாம். நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாமாம். கோமுகி அணை வரைக்கும்.

"ரெட்டை சைக்கிள் இருக்குது ஐயா. முன்னாடி ஒருத்தர் ஓட்டுவாரு, நீங்க பின்னாடி உக்காந்து மிதிச்சா போதும். வரீங்களா?"

அது என் பஸ் போகும் அதே சாலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்னைத் தெரிந்தவர்கள் நிற்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மூச்சை இழுத்தேன்.

"சரி."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு வருசமா வெளிய போறேன்னு இவரு வாயால கேட்டதே இல்லம்மா" என்றாள். நான் மறுபடியும் மறுபடியும் "சரி, சரி" என்று கத்தினேன். சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பயணத்தன்று காலையில் மைதானத்தில் எல்லோருக்கும் மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் ஒரு ஆள் வந்திருந்தார். கண் தெரியாத மாணவிகள் சிலர் ஆளுக்கொரு ரெட்டை சைக்கிளின் பின்சீட்டில் ஏறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் ஓட்ட வந்தவர் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கும் இளைஞர். என் வலது பாதம் நழுவாமல் இருக்க அதைத் துணியால் பெடலோடு சேர்த்துக் கட்டினார்.

அந்த சைக்கிளில் இரண்டு ஜோடி பெடலும் சேர்ந்தே சுற்றும். அவர் மிதித்தால் என் காலும் சுற்றியாக வேண்டும். நிறுத்துவதும் திருப்புவதும் அவர் கையில். என் முன்னால் இருந்தது அவருடைய முதுகு மட்டும்.

ஊரைத் தாண்டி கரும்புக் கொல்லைகள் தொடங்கியபோது எனக்குச் சிறுநீர் முட்டியது. கிளம்பும்போது மனைவி கொடுத்த மோர் அது. இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று அவள் கேட்டதற்கும் என் வாய் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தது.

"கஷ்டமா இருக்குதாண்ணா?" என்றார் முன்னால் இருந்தவர், திரும்பாமலே.

"சரி."

"நிறுத்தணுமா, போய்க்கினே இருக்கலாமா?"

"சரி."

"அப்ப போலாம்."

இடது கையால் அவர் முதுகில் படபடவென்று தட்டினேன். அவர் உற்சாகமாகி இன்னும் வேகமாக மிதித்தார். மிதிப்பதை நிறுத்திப் பார்த்தேன். கட்டிய கால் தானாகச் சுற்றியது. "அசந்துட்டீங்களா? சும்மா உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர். அவரை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல் இருந்தது. வாய்க்கு வருவதுதான் ஒன்றே ஒன்றாயிற்றே.

ஒரு நிறுத்தத்தில் டீக்கடை முன்னால் நின்ற பெண், "கண்டக்டரு போறாரு பாரு. எப்டி இருந்த மனுசன்" என்றது காதில் விழுந்தது. யாரோ கை தட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தேன்.

வடக்கனந்தலுக்குக் கொஞ்சம் முன்னால் அடக்க முடியாமல் போய்விட்டது. கால் வழியாகச் சூடாக இறங்கி, கட்டியிருந்த துணியில் ஊறியது. ஊருக்குள் பந்தல் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கிறவர்களும் அங்கேதான் நின்றார்கள். இறங்கவும் முடியாது, முகத்தை மூடிக்கொள்ளவும் முடியாது. ஒரே கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தேன்.

முன்சீட்டுக்காரர் இறங்கிக் குனிந்து என் கால் கட்டை அவிழ்க்கப் போனார். அவர் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, பந்தலிலிருந்து தண்ணீர் பாட்டில்களை வாங்கி வந்து ஒன்றைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மற்றதை என் தலையிலிருந்து தொடை வரைக்கும் ஊற்றினார்.

"இன்னா வெயிலு" என்றார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டு ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். போட்டோவில் நாங்கள் எல்லோரும் நனைந்திருக்கிறோம்.

பிறகு சைக்கிளைப் புளியமரத்து ஓரம் தள்ளிப்போனார். "மன்னிச்சுக்கங்கண்ணா. நீங்க சரின்னா அது சரி இல்ல. அப்டித்தானே?"

எனக்கு அழுகை வந்தது. அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"கண்டக்டர்னு சொன்னாங்களே. ஒரு விசிலுன்னா நிறுத்து, ரெண்டு விசிலுன்னா போ. அத எம் முதுகுல தட்ட முடியுமா பாருங்க."

அந்தக் கணக்கு எனக்குள் கெடாமல் இருந்தது. யோசிக்காமலே வந்தது. இரண்டு தட்டினேன். கிளம்பினார். கொஞ்ச தூரம் போய் ஒரு தட்டு. நின்றார்.

"இன்னாண்ணா, எதுனா வேணுமா?"

ஒன்றும் வேண்டாம். நிறுத்திப் பார்க்கத்தான் நிறுத்தினேன். அணை வரைக்கும் இப்படிப் பல இடத்தில் நிறுத்தினேன். அவர் ஒருமுறைகூட முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. முகம்தான் எனக்குத் தெரியவே இல்லையே. ஆனால் ஒவ்வொரு தடவையும் நின்றார்.

அவரே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். ஒரு தட்டு என்றால் வேண்டாம், இரண்டு என்றால் ஆமாம் என்று என் மனைவியிடம் விவரம் சொன்னார். அவர் போனதும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பின்னாடி ரூம்ல படுக்கறது உங்களுக்குப் புடிக்குதா?"

ஒரு தட்டு.

"முன்னாடி போடச் சொல்லட்டுமா கட்டில?"

இரண்டு.

"ரவக் கஞ்சி?"

ஒன்று. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தினி மாசமா ஊத்திக்கினு இருக்கேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உங்க பைக்க வித்தனே. நீங்க சரின்னீங்க. அது உங்களுக்குச் சம்மதந்தானா?"

அந்த வண்டி போன அன்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. அவள் கையில் கொஞ்ச நேரம் விரலை அசைக்காமல் வைத்திருந்தேன். பிறகு இரண்டு தட்டினேன்.

இன்னும் எதையோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டாள். தன் தம்பியை வரச்சொல்லிக் கட்டிலைத் தூக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து போனாள்.