ஜௌபர் நானா தொட்டிக்குள்ள போட்ட வலை

"அது போத்தலுக்குள்ள தனிய கிடந்திச்சி. அதுக்குத்தான் வாங்கினன்," எண்டாரு ஜௌபர்.

அடுப்படியில நிண்ட பொஞ்சாதி ஸுலைஹா திரும்பிப் பாத்தா. "நான் வெள்ளப்பூடு வாங்கினீங்களா எண்டுதானே கேட்டன்?"

"வெள்ளப்பூடா? அத மறந்திட்டன்."

"புத்தளம் போறதுதானே, புள்ள பெத்த மகளுக்கு சரக்குக் கறி ஆக்க நல்ல பூடா பாத்து வாங்கிட்டு வாங்க எண்டன். மனுசன் மீன் வாங்கிட்டு வந்திருக்காரு! கண்டக்குழி கரையில இருந்துக்கிட்டு, பஸ்ஸுல போயி, மீன் வாங்கிட்டு வந்திருக்காரு!"

ஜௌபர் சாரன் மடிப்புல சுத்தி வச்சிருந்த ஜாம் போத்தல மெதுவா வெளிய எடுத்தாரு. உள்ளுக்கு நீலமும் சிவப்புமா ஒரு பைட்டர் மீன், பொம்புளைகள்ட பட்டு முந்தானை மாதிரி செட்டைய விரிச்சிக்கிட்டு நிண்டிச்சி. பஸ்ஸு குலுங்கின குலுக்கத்துல அதுக்கு மயக்கம் வந்திரும் எண்டு வழி முழுக்க போத்தல ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுத்தான் வந்தாரு.

இந்த மீன் ஏன் வந்திச்சி எண்டு சொல்லணும் எண்டா, ஒரு மாசம் பின்னுக்குப் போகணும்.

ஜௌபருக்கு வயசு அம்பத்தொம்பது. நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்டுட்டு வாப்பாட வள்ளத்துல ஏறினவரு. மீனோடயே வாழ்ந்தாலும், உசிரோட மீன அவரு பாத்ததெல்லாம் வலையிலேருந்து வள்ளத்துக்கு வாற அந்தக் கொஞ்ச நேரந்தான். அவர்ட ஒரே மகள் நிஸ்ரின். மருமகன் சியாம் நுரைச்சோலையில அனல் மின் நிலையத்துல வேல செய்றாரு, ரெண்டு நாள் அங்கேயே தங்கி வேல, ரெண்டு நாள் வூட்டுல. எங்கட வழக்கப்படி கலியாணம் முடிச்சி பொண்ணு வூட்டுக்கு வரக்குள்ள, ஒரு பை உடுப்போட ஒரு கண்ணாடித் தொட்டியும் கொண்டு வந்தாரு. அதுக்குள்ள பன்னெண்டு கப்பி மீன், நகத்தளவு. வூட்டுக் கிணத்துத் தண்ணிய பிளாஸ்டிக் பரல்ல ஊத்தி ரெண்டு நாள் வச்சித்தான் தொட்டிக்கு ஊத்துவாரு. சாப்பாடு போடக்குள்ள ஒவ்வொண்டோடயும் கதைப்பாரு.

ஜௌபருக்கு அது சிரிப்பு. பேத்தி ஆதிலா பொறந்த கிழமை, கரையில வள்ளம் இழுக்கக்குள்ள சந்தோசத்துல வாய் கொஞ்சம் நீண்டு போச்சு. "எங்கட மருமகனுக்கு இப்ப ரெண்டு தொட்டில். ஒண்டுல புள்ள, மத்ததுல மீன். ரெண்டுக்கும் தாலாட்டு!" எண்டாரு. கரையே சிரிச்சிச்சி. அவரும் சிரிச்சிக்கிட்டே திரும்பினாரு. பின்னுக்கு சியாம் நிண்டாரு, கையில மாமாக்கு கொண்டு வந்த தேத்தண்ணி பிளாஸ்கோட.

சியாம் பிளாஸ்க குடுத்துட்டுப் போனாரு. நாலு நாள் கழிச்சி நிஸ்ரின்தான் சொன்னா: "வாப்பா, புள்ளைக்கு நாப்பது நாள் முடிய நாங்க நுரைச்சோலைக்குப் போறம். அவரு வாடகைக்கு வூடு பாத்திருக்காரு."

அண்டைலேருந்து ஜௌபருக்கு சோறு இறங்கல்ல. நாள எண்ண ஆரம்பிச்சிட்டாரு. பேத்திய மடியில வச்சி அந்தத் தொட்டிக்கு முன்னுக்கு கதிரையப் போட்டு இருந்தா, அந்தச் சின்னக் கண்ணு ரெண்டும் கப்பிக்குப் பின்னால போகும். அழுற புள்ள அடங்கிரும். புள்ள போனா தொட்டியும் போகும். மன்னிப்புக் கேக்கலாம் எண்டா, மாமா மருமகன்ட கிட்ட எந்த வாயால கேக்குற?

அப்பத்தான் எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்க புத்தளம் போனவரு, மீன் கடையில இந்த பைட்டரக் கண்டாரு. மருமகனுக்கு ஒரு மீன் வாங்கிக் குடுத்தா, வாயால சொல்ல வேண்டியத மீன் சொல்லிரும் எண்டு நெனைச்சாரு. கடைக்காரன், "இத தனியத்தான் வைக்கணும் நானா, மத்த மீனோட போடாதீங்க," எண்டு சொல்லத்தான் செஞ்சான். ஜௌபருக்கு அது இன்னொரு தொட்டி விக்கிற கதையா பட்டிச்சி. அவருக்குத் தெரிஞ்ச கடல்ல தனிய திரியிற மீன் நோய் புடிச்ச மீன். கூட்டம் கிடைச்சா தேறிரும்.

வியாழக்கிழமை சியாம் வேலயில. மீன தொட்டிக்குள்ள விட்டாரு. அது ஒரு மூலையில நிண்டிச்சி. "கூச்சம். புது மாப்பிள்ளைதானே," எண்டாரு ஜௌபர்.

வெள்ளிக்கிழமை விடிய சுபஹு தொழுதுட்டு வந்து பாத்தா, கப்பியெல்லாம் ஒரு ஓரத்துல ஒதுங்கி நிக்கிது. மூண்டுக்கு வால் கிழிஞ்சிருக்கு. அதுல ஒண்டு சியாம்ட செல்ல மீன், செம்மஞ்சள் நெறத்துல விசிறி மாதிரி வால் வச்சது. இப்ப பழைய விளக்குமாறு மாதிரி.

நிஸ்ரின் வாயில கைய வச்சா. "வாப்பா! அவரு வந்து பாத்தா நான் என்ன சொல்ற?"

"நீங்க ஒண்டும் சொல்லாதீங்க மகள். நான்தானே செஞ்சன்."

கொஞ்ச நேரம் மடியில புள்ளய வச்சி, ஒரு கையில ஈர்க்கு குச்சிய வச்சி பைட்டர மிரட்டிக்கிட்டு இருந்தாரு. ஸுலைஹா எட்டிப் பாத்தா. "வயசு போன காலத்துல பொலிஸ் வேல கிடைச்சிருக்கு போல?"

"நக்கலடிக்காதீங்க. நாளைக்கு மருமகன் வந்திருவாரு."

"அப்ப அத திரும்ப போத்தல்ல போடுங்களே."

ஜௌபர் போத்தல எடுத்தாரு. பாத்தாரு. திரும்ப வச்சிட்டாரு. அவ்வளவு தூரம் மடியில தூக்கிட்டு வந்த மீன, திரும்பவும் அசைய எடமில்லாத போத்தலுக்குள்ள அடைக்க மனசு வரல்ல.

ஜும்ஆ முடிஞ்சி வந்தவரு சட்டைய கழட்டிட்டு வலை ஊசிய எடுத்தாரு. கூனி இறால் புடிக்கிற சின்னக் கண் வலையில ஒரு துண்டு வெட்டி, தொட்டிட அகலத்த சாண் போட்டு அளந்து, களப்புத் தண்ணியில வலை கட்டுற மாதிரியே கட்டினாரு. மேலுக்கு பழைய செருப்ப வெட்டி மிதவை. கீழுக்கு ஈயக்குண்டு கோக்கப் போனவரு நிண்டாரு. தொட்டித் தண்ணிக்கு ஈயம் நஞ்சு எண்டு சியாம் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்திச்சி. ஈயத்த வச்சிட்டு, முத்தத்துல சின்னச் சின்ன கல்லு பொறுக்கி, கழுவி, ஒவ்வொண்டா கட்டினாரு. பின்னேரம் அசர் பாங்கு சொல்லக்குள்ள தொட்டிக்கு நடுவுல வலை நிமிந்து நிண்டிச்சி. இங்கால கப்பி, அங்கால பைட்டர்.

சனிக்கிழமை சியாம் வந்தாரு. சப்பாத்த கழட்டாமலே தொட்டிக்கு முன்னுக்கு நிண்டுட்டாரு.

"மாமா, இது என்ன?"

"நான்தான் மருமகன். உங்களுக்கு எண்டு வாங்கினன். தனிய வைக்கச் சொல்லி கடைக்காரன் சொன்னவன், நான்தான் கேக்கல்ல. உங்கட பெரிய வாலு..." ஜௌபர் வால் கிழிஞ்ச செம்மஞ்சள் மீனக் காட்டினாரு. "அண்டைக்கு கரையில சொன்ன கதையும் பிழைதான். நாலு பேர் சிரிக்கோணும் எண்டு சொல்லிட்டன்."

சியாம் குனிஞ்சி பாத்தாரு. "வால் நீளமான கப்பியக் கண்டா, இன்னொரு பைட்டர் சண்டைக்கு வருது எண்டு இது நெனைக்கும் மாமா. வால் திரும்ப வளரும். பரவால்ல." பொறகு விரலால செருப்பு மிதவைய தொட்டாரு. "கீழுக்கு ஏன் கல்லு? வலைக்கு ஈயம்தானே போடுவீங்க?"

"ஈயம் கூடா எண்டு நீங்கதானே சொன்னீங்க."

சியாம் மாமாட முகத்தப் பாத்தாரு. தான் சொன்னது எதையும் இந்த மனுசன் காதுல வாங்கினதே இல்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நெனைச்சிருந்தாரு. சட்டப் பையிலேருந்து போன எடுத்து தொட்டிய நாலு பக்கமும் போட்டோ புடிச்சாரு. வேல செய்ற எடத்து கூட்டாளிமாருக்கு அனுப்பி, குரலும் பதிஞ்சி போட்டாரு: "பாருங்கடா, எங்கட மாமா கட்டின வலை. உங்கட மாமாமாருக்கு ஏலுமா இது?"

அடுப்படியில ஸுலைஹா முந்தானையால கண்ணத் தொடைச்சா. வெங்காயம் எண்டா.

தேத்தண்ணி குடிச்சிட்டு சியாம் நிஸ்ரினக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னாரு. "அந்த வாடகை வூட்டுக்காரருக்கு வரல்ல எண்டு சொல்லிருவம். வலை கட்டின தொட்டிய லொறியில ஏத்தினா கல்லெல்லாம் அவுந்திரும்."

"அவுந்தா நான் வந்து கட்டித் தருவன்," எண்டுட்டாரு ஜௌபர், அவசரத்துல.

"மனுசா, வாய மூடுங்க!" எண்டா ஸுலைஹா.

இண்டைக்கு ஆதிலாக்கு நாப்பது. புள்ளய குளிப்பாட்டி, சாம்பிராணி புடிச்சி, ஜௌபர் தொட்டிக்கு முன்னுக்கு தூக்கிட்டுப் போய்ப் பாத்தா, கப்பிப் பக்கத்துல பாசிக்குள்ள தூசி மாதிரி குட்டிகள். வயிறு வச்சிருந்த கப்பி ஈண்டிருக்கு. வலைக்கு அங்கால பைட்டர் மூக்க முட்டிக்கிட்டு நிக்கிது, வர ஏலாம. ஜௌபர் குட்டிகள ரெண்டு தரம் எண்ணினாரு. மூண்டாந் தரம் சியாம எழுப்பி எண்ண வச்சாரு.

பொறகு கரைக்குப் போனாரு. வள்ளங்கள் வெறுமையா வந்திருந்திச்சி. பாயிஸ், அவரோட சேந்து தொழிலுக்குப் போற பொடியன், வலைய உதறிக்கிட்டே கேட்டான், "என்ன நானா, இண்டைக்கு உங்களுக்காவது ஏதும் கிடைச்சிச்சா?"

"கடல்ல ஒண்டுமில்ல தம்பி," எண்டாரு ஜௌபர். "வூட்டுல பதினெட்டு. பேத்தியோட பத்தொம்பது."