கண்ணா வெட்டாத காலம்

சண்டை நடந்த காலத்தில், வாவிக்கு அக்கரையில் இருந்த காட்டுக்கு விறகெடுக்கப் போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இக்கரையில் தண்ணீருக்குள் நின்ற கண்ணா என்கிற அலையாத்தி மரங்களை வெட்டித்தான் ஊரே அடுப்பெரித்தது. அப்போது நான் எங்கள் மாதர் சங்கத்தின் செயலாளர்.

வெட்டுவதை நிறுத்த வேண்டுமென்று கூட்டத்தில் முதலில் பேசியவள், வாவியில் வலை வீசுகிற ஒருவரின் மனைவி.

"கண்ணா போனா இறாலும் போயிரும் கா. அந்த வேருக்குள்ளதானே குஞ்செல்லாம் கிடக்கு. பிறகு அடுப்புல எதை வைச்சு ஆக்கிற?"

"அப்ப எதைக் கா எரிக்கிற?" என்று யாரோ கேட்டார்கள்.

ஏறாவூர்ப் பக்கம் ஒரு நெல் ஆலையின் பின்னால் உமி குவிந்து, இரவு பகலாகப் புகைந்துகொண்டு கிடப்பதை அவள் பார்த்திருந்தாள். அடுத்த நாள் நாங்கள் இருவரும் சைக்கிளில் போனோம். காக்கா என்று நாங்கள் கூப்பிடும் ஆலைக்கார முஸ்லிம் அண்ணன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உமியா? அள்ளிட்டுப் போங்க தங்கச்சி. நான் சும்மாதானே எரிக்கிறன்."

பழைய பிஸ்கட் தகரத்தின் அடியில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர உமியை இறுக்கி அடைத்துவிட்டுப் போத்தலை உருவினால் அடுப்பு தயார். சோறு வேகும். ஆனால் கண் எரியும். புட்டில் புகை மணக்கிறதென்று ஆண்கள் முகம் சுளித்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சமாதானம் சொல்வது என் வேலையாயிற்று.

அதைவிடப் பெரிய பாடு இராணுவச் சோதனைச் சாவடி. ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்து வீதியில் கொட்டிக் காட்ட வேண்டும். கச்சான் காற்றில் பாதி பறந்துவிடும். மீதியைக் கையால் கூட்டி அள்ளிக் கட்டுவோம். தலைமயிர், சட்டை, வாய் எல்லாம் உமி. வீட்டுக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பிருக்காது. ஆனாலும் கரையில் வெட்டிய அடிமரங்கள் தளிர்த்திருந்தன. குளிக்கப் போகிற நேரமெல்லாம் அவள் அதைத் தொட்டுப் பார்ப்பாள்.

ஒரு நாள் காலை மரம் அறுக்கும் வாளின் சத்தம் கேட்டது. இராணுவத்தார் கண்ணாவை வெட்டிக்கொண்டிருந்தார்கள். காவலரணில் இருந்து வாவி தெரியவில்லையாம். நாங்கள் ஓடிப்போய் நின்றபோது பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கரை மொட்டையாயிற்று. விறகை நீங்களே கொண்டு போங்கள் என்று கைகாட்டினார்கள்.

யாரும் அசையவில்லை. அவள்தான் முதலில் சேற்றுக்குள் இறங்கினாள்.

"என்னகா பாத்துக்கொண்டு நிக்கீங்க? விட்டா இங்கயே பத்த வைச்சிருவானுகள்."

எல்லோரும் தூக்கினோம். மாசக்கணக்கில் அந்த விறகு எரிந்தது. சோறு சீக்கிரம் வெந்தது, புகையும் இல்லை. வாயைத் திறந்து யாரும் அதைச் சொல்லவில்லை.

விறகு முடிந்ததும் சிலர் மறுபடி உமிக்கு வந்தோம். அதற்குள் இறால் குறைந்து, அவளுடைய புருசன் வாழைச்சேனையில் படகுக் கூலிக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் பிள்ளைகளோடு அவளும் போனாள். புறப்படுகிற அன்று, "நீங்க விட்டுராதீங்க கா" என்றாள். "ஓம்" என்றேன்.

பிறகு கூட்டத்துக்கு ஐந்தாறு பேர்தான் வந்தார்கள். அதுவும் ஒரு மாதம் வந்தால் மறு மாதம் இல்லை. சங்கத்தை மூடிவிடலாம் என்றும் பேச்சு வந்தது. மூடுவதற்கும் ஒரு கூட்டம் கூட்ட வேண்டும். அதற்கு எங்களில் ஒருவருக்கும் உடம்பு வளையவில்லை.