மாமனாருக்கு மரை காட்டப் போனோம்: ஹேஃபீல்ட் காட்டில் இரண்டு நாள்

ஏப்ரல் கடைசிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கிழக்குக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போய் வந்தோம். இறைச்சிக்குப் போகிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். உண்மையில் போனது அன்ரனின் மாமனாருக்காக.

அன்ரன் மன்னார்க்காரன், ரோவிலில் வீடு. நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். டண்டினொங்கில் எனக்கு மளிகை மொத்த வியாபாரம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டித் தொடங்கியவன், இன்று நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். மிளகாய்த்தூள் வாங்க வந்து நண்பனானவன் அன்ரன். துப்பாக்கி அனுமதி, வேட்டை அனுமதி இரண்டும் வைத்திருக்கிறான், பல வருடமாக மரை சுடுகிறான். நாங்கள் மரை என்பதைத் தமிழ்நாட்டில் கடமான் அல்லது மிளா என்பார்கள். நூறு வருடத்துக்கு மேல் முன்பே இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டிருக்கிறார்கள். நமக்கு முன்பே வந்து, விசா அலைச்சல் எதுவுமில்லாமல் குடியேறிவிட்ட சாதி.

இதைத்தான் மாமனார் நம்பவில்லை. பெனடிக்ற் அங்கிள் வவுனியாவில் மரக்காலை நடத்தியவர். காட்டு மரத்தைப் பலகையாக்கி விற்றே மூன்று பெண்களைக் கரைசேர்த்தவர். மூன்று மாதம் மகளோடு இருக்க வந்தார். புதன்கிழமை திரும்பும் விமானம்.

"கங்காரு எண்டாச் சொல்லு, நம்பலாம்" என்பார் அவர். "மரை எங்கட காட்டுச் சாமான். இஞ்ச என்னெண்டு வரும்?"

"படம் அனுப்பினனான்தானே மாமா?"

"இப்ப ஃபோனில என்னவும் செய்யலாம். ஆனைக்குச் செட்டை பூட்டலாம்."

அவர் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கலியாணம் பேசும்போது அன்ரன் தன்னைச் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தான். இரவு வேலையில் ஒரு பண்டகசாலையில் தன்னந்தனியாக நின்றவன் அவன். மேற்பார்வை செய்ய அவனைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. அது தெரிய வந்த நாளிலிருந்து மருமகன் எதைச் சொன்னாலும் மாமனார் பாதியாகக் கழித்துத்தான் கேட்பார். அன்ரனின் மனைவி ஸ்டெல்லா புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பா ஒருக்காக் கண்ணால கண்டாப் போதும். இறைச்சி வராட்டியும் பரவாயில்லை. போன தரம் அப்பா வந்து திரும்பேக்க மாதிரி ரெண்டு பேரும் எயார்போட்டில மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிண்டா என்னால பார்க்கேலாது."

சனி காலை 6.30க்கு ரோவிலில் இருந்து கிளம்பினோம். மொனாஷ் ஃப்ரீவே, பிறகு பிரின்சஸ் நெடுஞ்சாலை. டிராரல்கனில் கோப்பி, ஒன்று ஐந்தரை டொலர். சாப்பாட்டுக்கு ஸ்டெல்லா கட்டித் தந்த, மீன் அடைத்த பன்னான மீன் பணிஸ் இருந்தது. ஹேஃபீல்டுக்குச் சுமார் 170 கிலோமீற்றர், நிறுத்தத்தோடு இரண்டரை மணி நேரம். மூன்று கட்டில் போட்ட கேபின் ஒரு இரவுக்கு 160 டொலர். சமையலடுப்பு உண்டு, போர்வை நம்முடையது. விலை நியாயம், போர்வை விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹேஃபீல்ட் மரத்தால் வாழ்ந்த ஊர். இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதை அரசு நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. பேக்கரியில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் உங்கள் கோப்பி ஆறிப்போகும். நான் பேச்செடுக்கவில்லை. அங்கிள் மட்டும் மரம் ஏற்றிப்போன ஒரு லொறியைக் கண்டு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாலை 3 மணிக்கு அன்ரனின் 'இடத்துக்கு'ப் போனோம். லிக்கோலா வீதியில் போய், மண் பாதையில் இறங்கி, மொத்தம் 40 கிலோமீற்றர். ஏழெட்டு வருடத்துக்கு முன் மொட்டையாக வெட்டிய துண்டு அது. வெட்டி எரித்த நிலத்தில் வெயில் படும், அடுத்த இரண்டு மூன்று வருடம் புல்லும் இளந்தளிரும் பொங்கி வரும். மரை அந்தியில் அதைத் தின்ன வெளியே வரும். லொறிக்குப் போட்ட பாதையில் வாகனம் போகும், மரம் அடுக்கிய வெளியில் நிறுத்தலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுச்சரிவும் தெரியும். அன்ரன் அங்கே நாலு மரை எடுத்திருக்கிறான்.

இந்தத் தடவை பாதையின் வாயிலேயே மண்ணைக் குவித்து அடைத்திருந்தார்கள். லொறி போகாத பாதையை யார் பராமரிப்பது? இரண்டு கிலோமீற்றர் நடந்தோம். போய்ப் பார்த்தால் சரிவு முழுக்க இளமரங்கள், பல் துலக்கும் பிரஷின் மயிர் மாதிரி நெருக்கமாக. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கொம்பு உரசிய பட்டைகள் இருந்தன, புதுப் புழுக்கையும் கிடந்தது. உள்ளே மரை இருக்கிறது, ஆனால் அது நம்மைப் பார்க்குமே தவிர நாம் அதைப் பார்க்க முடியாது.

அங்கிள் குனிந்து புழுக்கையைப் பார்த்தார். "ஆடு" என்றார்.

"இந்தக் காட்டில ஆடு எங்கால மாமா?"

"மரை வரலாமெண்டா ஆடு வரக்கூடாதோ?"

இருட்டும் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். வாகனத்துக்கு வந்ததும் அன்ரன் கதவை அடித்துச் சாத்தினான். அங்கிள் பின் ஆசனத்தில், "நல்ல காத்து. சூப்பர்வைசருக்கு நன்றி சொல்லோணும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்திருந்தால் அன்ரன் என்னை இறக்கி விட்டிருப்பான்.

கேபினில் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு யோசித்தேன். ஒரு தொழிற்சாலை மூடினால் வாசலில் இருந்த சாப்பாட்டுக் கடை படுத்துவிடும். அதற்காக வாடிக்கையாளர் பட்டினி கிடப்பதில்லை. அடுத்து எங்கே வாசல் திறக்கிறதோ அங்கே போய்ச் சாப்பிடுவார்கள். வெட்டுத்துண்டு மூடிவிட்டது, சரி. இப்போது இந்தக் காட்டில் எங்கே வெயில் படுகிறது?

அன்றிரவே பெற்றோல் நிலையத்தில் டீசல் அடிக்கப் போன இடத்தில் (95 டொலர்) தாடிக்காரர் ஒருவர் புல்டோசர் ஏற்றும் லொறியோடு நின்றார். மான் எங்கே என்று கேட்டால் இந்த ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. வேலை எங்கே என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். ஆகவே இப்போது வேலை எப்படி என்று கேட்டேன்.

முன்பு மரம் ஏற்றினாராம், இப்போது தீத்தடுப்புப் பட்டை துப்புரவாக்கும் வேலையாம். காட்டுத்தீ பாயாமல் இருக்க மலைமுகட்டில் நீளமாக அகலமாகச் செடிகொடியை எடுத்துவிடுவார்கள். "அந்தப் பக்கம் போன வருடமே முடித்துவிட்டோம். இப்போது மழைக்குப் புல் முளைத்துக் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கிறது" என்று கையை நீட்டிக் காட்டினார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் இரண்டு பணிஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

"மச்சான், கடை இடம் மாறியிருக்கு" என்றேன் அன்ரனிடம். வரைபடத்தை விரித்துப் பார்த்தான். வேட்டைக்கு அனுமதியுள்ள அரசு வனம்தான். அவன் முகத்தில் இரத்தம் திரும்பியது.

ஞாயிறு நான் சுபஹு என்ற வைகறைத் தொழுகையை முடித்ததும் 5.40க்குக் கிளம்பினோம். வாகனக் கதவைச் சாத்தியதும் கண் எரிந்தது. அங்கிள் குளிருக்கு முழங்காலில் தைலம் தேய்த்திருந்தார். முழங்காலோடு விட்டாரா? கழுத்து, நெஞ்சு, நெற்றி எல்லாம்.

"மாமா! மரைக்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூர். இந்த மணத்துக்கு ரோவிலில நிக்கிற மரையும் ஓடும்!"

"ரோவிலிலயும் நிக்குதோ? இது நீ சொல்லேல்லையே!"

கழுவச் சொல்ல நேரமில்லை. முகட்டில் இறங்கியதும் அன்ரன் ஒரு சிட்டிகை மாவை ஊதிக் காற்றுப் பார்த்தான். பட்டையிலிருந்து எங்கள் பக்கமாக வீசியது. தைல மணமும் எங்கள் மணமும் பின்னால் போய்விடும், தப்பினோம். பாதையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, எதிரே குண்டைத் தாங்கும் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்து, அங்கிளை மடக்குக் கதிரையில் இருத்தினோம். மூவருக்கும் செம்மஞ்சள் சட்டை. அசையக்கூடாது, பேசக்கூடாது என்று அன்ரன் இரண்டு தரம் சொன்னான். எனக்கும் அவனுக்கும் ஒரு ஒப்பந்தம்: கடவுள் பெயர் சொல்லித்தான் சுடவேண்டும், உயிரோடு விழுந்தால் கத்தி என் கையில். ஹலால் பார்க்கும் எங்கள் ஆட்கள் இதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் வந்தது. தாடிக்காரர் பொய் சொல்லவில்லை, பச்சைப் பாய் விரித்த மாதிரிப் புல். ஒரு பக்கம் பழைய உயர்ந்த காடு, ஒதுங்க வசதி. நடுவில் சாப்பாடு. சில நிமிடத்தில் காட்டோரத்தில் ஒரு மரக்கட்டை நகர்ந்தது. கட்டைக்குக் காது இருந்தது. பிறகு கழுத்து, பிறகு கொம்பு. முழுதாக வெளியே வந்து நின்றது. கறுத்த ஆண் மரை, கழுத்து மயிரில் பனி மினுங்கியது. குனிந்து ஒரு வாய் புல் தின்றது.

அன்ரன் துப்பாக்கியை மெதுவாகத் தோளில் வைத்தான். உதடு அசைந்தது, ஒப்பந்தப்படி கடவுள் பெயர்.

கதிரை கிறீச்சிட்டது. அங்கிள் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, மலை அதிரக் கத்தினார்: "மரையடா! மரை! எங்கட மரை!"

மரை தலையைத் தூக்கிப் பழைய பஸ் ஹோர்ன் மாதிரி ஒரு சத்தம் போட்டது. வாலை நிமிர்த்தி ஒரே பாய்ச்சல். புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்ரன் துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை வெளியே எடுத்தான். போச்சு, இனி மூன்று மணி நேரம் இந்த இரண்டு பேரோடும் ஒரே வாகனத்தில் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன்.

"மாமா, இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"மரை."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"மரைதான்டா, மரைதான்! என்ர கண்ணாலயே கண்டிட்டன்!" மருமகனின் தோளைப் பிடித்து உலுக்கினார். தைலம் முழுக்க அவன் சட்டையில். மூவரும் புல்லில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த மலையில் ஒரு எலியும் வந்திருக்காது. மிச்சப் பணிஸைத் தின்றுவிட்டு 10 மணிக்குத் திரும்பினோம். மதியக் கறிக்கு டண்டினொங்கில் ஆட்டிறைச்சி வாங்கினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அனுமதிகள் இல்லாமல் துப்பாக்கியைத் தொடாதீர்கள், இருட்டில் சுடாதீர்கள், சுட்ட இறைச்சியை விற்க முடியாது, நானே விற்கமாட்டேன். காடு வெட்டினால் மான் பெருகும் என்பது பாதி உண்மை. வெட்டிய புதிதில் விருந்து, சில வருடத்தில் பூட்டிய கடை, பாதையும் மூடிவிடும். மரைக்குப் புல்லும் வேண்டும், ஒதுங்கக் காடும் வேண்டும். இரண்டும் முட்டும் ஓரத்தைத் தேடுங்கள். பழைய இடத்தின் மேல் பாசம் வைக்காதீர்கள். தீத்தடுப்புப் பட்டைகளில் வேலை நடக்கும்போது அடைத்திருப்பார்கள், பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். இரண்டு நாளுக்கு எங்களுக்கு ஆளுக்கு 120 டொலருக்குள் முடிந்தது. தைலம் வேண்டாம்.

அங்கிள் புதன்கிழமை போனார். விமான நிலையத்தில் மாமனும் மருமகனும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதால் பின்னால் நின்றவர்களுக்கு வழி அடைபட்டது. அடுத்த ஞாயிறு நான் ரோவிலில் அன்ரன் வீட்டில் இருக்கும்போது வவுனியாவிலிருந்து வீடியோ கோல் வந்தது. கோயில் வாசலில் ஏழெட்டுப் பேர் சூழ நிற்க, நடுவில் அங்கிள், முகமெல்லாம் வியர்வை.

"அவுஸ்திரேலியாவில மரையாம், கேளுங்கோவன்!" என்று யாரோ பின்னால் கத்தினார். சிரிப்பொலி.

"மருமோன், நீர் சொல்லும்! இவங்கள் நம்புறாங்கள் இல்லை. கொம்பு இவ்வளவு நீளம்தானே?" அங்கிள் கையை விரித்துக் காட்டினார். உண்மையில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

அன்ரன் அந்தக் கையை நிதானமாகப் பார்த்தான். ஸ்டெல்லா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இல்லை மாமா" என்றான். "அதுக்கு மேல இன்னும் ஒரு சாண் இருந்தது."