ஆறாவது கோப்பை

நீல விளிம்பு வைத்த ஆறு சின்னக் கோப்பிக் கோப்பைகள். பலெர்மோவில் பொலித்தியாமாப் பக்கம் பெரியம்மா வேலைக்குப் போன வீட்டுக்காரச் சிஞ்ஞோரா, புதுசு வாங்கியபோது பழசைத் தாளில் சுற்றிக் கொடுத்தவை. "இதென்ன, பொம்மைக்குக் கோப்பி குடுக்கவோ?" என்று அவற்றின் அளவைப் பார்த்துச் சிரித்தவர் பெரியம்மாதான். எனக்கு அவற்றைக் கண்டால் கோப்பி நினைவுக்கு வருவதில்லை. 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அந்த ஆறையும் மேசையில் வரிசையாக வைத்து நான் பெரியம்மாவுக்குப் பாடம் எடுத்ததுதான் நினைவுக்கு வரும்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம், கணினி படித்தேன். அம்மாவும் அப்பாவும் ஊருக்கு வெளியே மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தார்கள். பெரியம்மா இருந்த ஒரேத்தோவிலிருந்து வகுப்புக்கு நடந்தே போகலாம் என்பதால் என்னை அவரோடு விட்டிருந்தார்கள். புரோகிராமிங் பாடத்தின் முதல் பாதியை எப்படியோ சமாளித்துவிட்டேன். இரண்டாம் பாதியில் டேட்டா ஸ்ட்ரக்சர் என்று ஒன்று வந்து என் உயிரை வாங்கியது. பேராசிரியை பலகை நிறையப் பெட்டி பெட்டியாக வரைந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி போட்டுக்கொண்டே போவார். பக்கத்தில் இருந்த பலெர்மோப் பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டி எழுதுவார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

பெரியம்மாவுக்கு அந்த நாட்களில் வேறு கவலை. அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணா, வன்னிக்குள் இருந்தார். பெரியம்மாவின் காகிதங்கள் எல்லாம் சரிவந்த நேரத்தில் அண்ணாவுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. வளர்ந்த பிள்ளையைக் கூப்பிட்டெடுக்க இங்கே சட்டத்தில் இடமில்லை. மன்னாரிலிருந்து சண்டை துரத்தத் துரத்த அவர் கிழக்கே போய்க்கொண்டிருந்தார். நேரே கதைக்க வழியே இல்லை. பெரியம்மா வவுனியாவில் இருந்த ஒரு மச்சாளுக்குப் போன் எடுப்பார். மச்சாளுக்கு ஒரு கடைக்காரரைத் தெரியும். கடைக்காரருக்கு உள்ளே இருந்த தன் தம்பியைத் தெரியும். தம்பிக்கு ஒரு பாதரைத் தெரியும். அண்ணா எந்த மரத்தடியில் கிடக்கிறார் என்பது அந்தப் பாதருக்கு மட்டும்தான் தெரியும். அதே வழியால் செய்தி திரும்பி வரும்: "சுகமா இருக்கிறாராம்." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பெரியம்மா வாரம் முழுக்க மாடிப்படி கழுவுவார்.

"அப்பிடி என்னத்தையடி படிக்கிறாய், முகமெல்லாம் கறுத்துப்போச்சு?" என்று அந்த ஞாயிறு கேட்டார். சரி, கேட்டுவிட்டாரே என்று கோப்பைகளை எடுத்து வைத்தேன். கோப்பைக்கும் கோப்பைக்கும் இடையில் பல்லுக்குத்தும் குச்சி ஒவ்வொன்று.

"இது நீங்கள். இது மச்சாள். கடைக்காரர், தம்பி, பாதர். கடைசி அண்ணா. ஒவ்வொருத்தருக்கும் அடுத்த ஆளின்ரை விலாசம் மட்டுந்தான் தெரியும். இதைத்தான் லிங்க்ட் லிஸ்ட் எண்டு சொல்லுறது."

"இதைப் படிக்கவோ யூனிவர்சிட்டிக்குப் போறாய்? எனக்கே தெரியுமே!"

இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். எனக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் மெஷினின் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்குவது எப்படி என்று விளக்கினேன். "ஊரிலை பஸ் சீற்றிலை கைலேஞ்சியைப் போட்டிட்டு, ஆள் இருக்கு எண்டு சொல்லுவம் எல்லே? அது மாதிரித்தான். நாங்களா விடும்வரைக்கும் அந்த இடத்தை வேறை ஒருத்தருக்கும் குடுக்காது." பிறகு, தம்பிக்கும் பாதருக்கும் இடையில் இருந்த குச்சியை உருவினேன். "விலாசம் துலைஞ்சா, இதுக்கு அங்காலை ஒருத்தராலையும் போகேலாது."

பெரியம்மா கடைசிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது?"

"அது அங்கையேதான் இருக்கும். நாங்கள்தான் போய்ச் சேரேலாது."

குச்சியை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். "விளையாட்டுக்கும் எடுக்காதை, பிள்ளை."

சில வாரங்களில், பாதரிடம் இனிப் போக முடியவில்லை என்று கடைக்காரரின் தம்பி சொல்லியனுப்பினார். அதன்பிறகு அந்தத் தம்பியிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. வைகாசியில் சண்டை முடிந்ததாகச் செய்தி வந்தது. முகாம்களிலிருந்து ஒவ்வொருவராகப் போன் எடுத்தார்கள். ஒரேத்தோவில் எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டாருக்கு வந்தது, எதிர்வீட்டாருக்கு வந்தது. எங்களுக்கு வரவில்லை. வேலைக்குப் போகும்போதும் பெரியம்மா போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார். எனக்குப் பயமாக இருந்தது, அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆனியில் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியை ஒரு தாளில் பெட்டிகளை வரைந்து, நடுவில் ஓர் அம்பை வெட்டினார். மிச்சத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அங்கேயே இருக்கும் என்றேன். யார் போய்ச் சேரலாம்? ஒருவரும் இல்லை. அப்படியானால் அந்த இடம் எப்போது விடுபடும்? பதில் எனக்குத் தெரியும். வெட்டிய அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் "புரோகிராம் முடியும்போது, சிஞ்ஞோரீனா" என்று தானே சொன்னார். நல்ல மனுசி, குறை சொல்லக்கூடாது. முப்பதுக்கு இருபத்துநான்கு போட்டார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைக் கண்டு, பரீட்சையில் தவறிவிட்டேன் என்று நினைத்து ஒரு பெடியன் வந்து தேற்றினான்.

கார்த்திகை வந்தது. பலெர்மோவில் இறந்தவர்களின் நாளுக்குக் கடைக் கண்ணாடிகளில் சீனிப் பொம்மைகள் அடுக்கியிருந்தார்கள். எங்கள் கோயிலிலும் அன்றைய பூசையில் வாசிக்கப் பெயர்களைச் சேர்த்தார்கள். "நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னா அக்கா கேப்பா. பேரைக் குடுக்கச் சொல்லு. அவனுக்கு ஒரு பூசையெண்டாலும் கிடைக்கட்டும்" என்று அம்மா போனில் அழுதார்.

நான் கேட்டேன். பெரியம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "நீதானே சொன்னனி," என்றார். "நாங்களா விடும்வரைக்கும் வேறை ஆருக்கும் குடுக்காது எண்டு. நான் விடேல்லை."

புரோகிராம் முடியும்போது எல்லா இடமும் விடுபடும் என்ற மிச்சப் பதில் எனக்கு நினைவுக்கு வந்தது. ஐயோ, அதை எந்த வாயால் சொல்வது? அன்றைய பூசையில் மற்றப் பெயர்களை வாசித்தார்கள். பெரியம்மா முன்வரிசையில் முழங்காலில் நின்று எல்லாருக்காகவும் மன்றாடினார்.

இன்று நானும் புரோகிராம் எழுதித்தான் பிழைக்கிறேன். இப்போது விலாசம் தொலைந்த இடங்களையெல்லாம் மெஷினே தேடிப்பிடித்துத் துடைத்துவிடுகிறது. நல்ல வசதி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

போன மாதம் ஒரேத்தோவுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் வருத்தம், வேலையை விட்டுவிட்டார். கோயிலிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கோப்பி ஊற்றினேன். அந்த நீல விளிம்புக் கோப்பைகளில் ஐந்து நிறைந்துவிட்டன, எனக்கு ஒன்று குறைந்தது. அலுமாரித் தட்டில் ஆறாவது தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கக் கண்டு கையை நீட்டினேன்.

"அதை எடுக்காதை, பிள்ளை," என்றார் பெரியம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "அதிலை ஆள் இருக்கு."

நான் தண்ணீர் குடிக்கும் கிளாசில் ஊற்றிக் குடித்தேன்.